சாட்டிலைட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை

முதலில் ஒரு திருத்தம். எங்கள் தலைக்கு மேலே போய்வரும் ஒரு சாட்டிலைட் செத்துக்கொண்டிருக்கிறது என்று சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். வாசகர்கள் சிலர் துக்கம் விசாரித்துக் கடிதம் போட்டார்கள். ஒருவர் அதன் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்தனைகூடச் செய்திருந்தார். அவர்கள் எல்லோரும் என்னை மன்னிக்கவேண்டும். சாட்டிலைட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கிறது.

எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன்.

சுவரில் விழுந்த நிழல்

விஜயநகரில் எங்கள் வீட்டு மொட்டைமாடி. மழைக்காலம் ஒருவழியாக முடிந்து, வெயில் திரும்பிய சாயங்காலம். தசராவுக்காகத் தெருவெல்லாம் சீரியல் விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர்த் தொட்டிச் சுவரைப் பார்த்தபடி முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். ரேடியோவின் சின்னத் திரையில் வெயில் பட்டால் எண் தெரியாது. அதனால் சாயங்காலங்களில் என் முகம் கிழக்கே, முதுகு மேற்கே. முதுகுக்குப் பின்னால் என் மனைவி சரசு ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கு சாட்டிலைட் வடக்கே எழுந்து, மேற்கே தாழ்வாகப் போய், தெற்கே இறங்கவேண்டும். பாதி வழியில் அது கிட்டத்தட்ட சூரியன் இருக்கும் இடத்தைக் கடக்கும். அப்போது ஆன்டெனா சூரியனுக்கு நேரே இருந்தால், அதன் நிழல் சுருங்கிச் சுவரில் ஒரு கூட்டல் குறியாக விழவேண்டும்.

"இப்ப நேர் மேக்கே" என்றேன். சரசு "சரீங்க" என்றிருப்பாள். எனக்குக் கேட்காது, ஆனால் அப்படித்தான் சொல்வாள்.

எதற்கோ நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் சரசுவின் நிழல். அவள் கையில் ஆன்டெனாவின் நிழல், சாப்பிட்டுப் போட்ட மீன்முள் மாதிரி நீளமாக. அதன் நுனி வலப்பக்கம், சாமுண்டி மலை இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. சாட்டிலைட் ஒரு பக்கம், ஆன்டெனா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேறு பக்கம்.

கை வலித்து இறக்கியிருப்பாளோ என்று நினைத்தேன். "கொஞ்சம் தெக்கே வா" என்றேன். நிழல் அசையவில்லை. அவள் நன்றாக ஊன்றி நின்றிருந்தாள். தெரிந்துதான் அப்படி நின்றிருந்தாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மைக்கை அழுத்தி, ரேடியோவில் எனக்குப் பெயரான அழைப்புக்குறியைச் சொல்லி, யாராவது கேட்கிறீர்களா என்று கேட்டேன். யாருக்கும் கேட்காது என்று தெரிந்தே கேட்டேன். சாட்டிலைட் இறங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அளவுநாடாவில் செய்த ஆன்டெனா

புதிதாக இந்தத் தொடருக்கு வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெச்சூர் ரேடியோ என்பது பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள், சம்பளமும் லாபமும் இல்லாமல், ஒருவரோடு ஒருவர் ரேடியோவில் பேசிக்கொள்ளும் பைத்தியம். அந்தப் பைத்தியம் முற்றினால் சாட்டிலைட். கீழிருந்து நாம் பேசுவதை மேலே அது வாங்கி, வேறு அலைவரிசையில் திருப்பிக் கொட்டும். அது வானத்தில் நம் கண்ணெல்லைக்குள் இருப்பது பத்துப் பன்னிரண்டு நிமிஷம். அந்த நேரம் முழுதும் அது போகும் பாதையிலேயே ஆன்டெனாவைக் கையால் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும்.

எங்கள் ஆன்டெனாவை நானே செய்தேன். பிளம்பர் பைப்பின் மேல், இரும்பு அளவுநாடாவை வெட்டி வரிசையாகப் பொருத்தியது. மஞ்சள் நாடா, எண்களெல்லாம் அப்படியே இருக்கும். நல்ல டேப்பை வெட்டிப் பாழாக்குகிறேன் என்று சரசு அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

பிற்பாடு அதைப் பிடிக்க அவளை விட்டால் ஆளில்லை என்று ஆயிற்று. இது இரண்டு பேர் வேலை. ஒருவர் ரேடியோவின் குமிழைத் திருப்பவேண்டும். ஏனென்றால் சாட்டிலைட் கிட்டே வரும்போது ஒரு எண், விலகும்போது வேறு எண். இன்னொருவர் ஆன்டெனாவை விடக்கூடாது. திசை மட்டும் போதாது, மணிக்கட்டையும் சுழற்றிக் கொடுக்கவேண்டும். மேலே அது உருண்டுகொண்டே போகிறது, நாமும் உருளவேண்டும்.

சரசு கொள்ளேகால்காரி. அந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியும். அவள் முழங்கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, தோசை திருப்புகிற மாதிரி மணிக்கட்டைத் திருப்புவாள். ரேடியோவில் மற்றவர்கள் குரல் கணீரென்று வரும். நான் திசை சொல்வதற்கு முன்பே அவள் கை அங்கே போயிருக்கும். அவளுக்கு லைசென்ஸ் இல்லை, அதனால் பேசக்கூடாது. கேட்கலாம், பிடிக்கலாம்.

பக்கத்து வீட்டு ரிட்டயர்டு பாங்குக்காரர் கன்னடக்காரர். பல வருஷமாக நாங்கள் டிவிக்கு ஆன்டெனா சரிபண்ணுகிறோம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். "ஏன் சார், இன்னூ சிக்னல் சிக்லில்வா?" என்று அவர் மாடியிலிருந்து கேட்பார். இன்னுமா சிக்னல் கிடைக்கவில்லை என்று அர்த்தம். நாங்கள் சிரிப்போம். இப்போதும் கேட்கிறார். வாய் அசைவதை வைத்துத் தெரிந்துகொள்கிறேன்.

பாலாற்றில் வந்த குரல்

ஒருமுறை கொள்ளேகால் வழியாக மேட்டூருக்கு, சரசுவின் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். மாநில எல்லையில், பாலாற்றுச் சோதனைச் சாவடியில் வண்டி நின்றது. சாட்டிலைட் வருகிற நேரம். எனக்குக் கை பரபரத்தது. டீக்கடை ஓரமாக ஆன்டெனாவை எடுத்து சரசுவின் கையில் கொடுத்தேன்.

வனத்துறைக் காவலர் ஒருவர் ஓடிவந்தார். காட்டில் யானைக்கும் புலிக்கும் கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டி, இதே மாதிரி ஆன்டெனாவைக் கையில் வைத்துக்கொண்டுதான் தேடுவார்களாம். அவர் எங்களை ஏதோ ஆபீசர்கள் என்று நினைத்து சல்யூட் வைத்துவிட்டு, "யாவ ஆனெ சார்?" என்றார். எந்த யானை என்று கேட்கிறார். சரசு கையிலிருந்த ஆன்டெனாவை அசைக்காமல், கண்ணால் மட்டும் வானத்தைக் காட்டினாள். மனிதர் பயந்து இரண்டடி பின்னால் போய்விட்டார்.

அன்றுதான் அந்தக் குரல் முதலில் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர். சாட்டிலைட்டில் எல்லோரும் அழைப்புக்குறியும், "ஐந்து ஒன்பது" என்று சிக்னலுக்கு மார்க்கும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அடுத்தவருக்கு வழிவிடவேண்டும், அதுதான் மரியாதை. இவரும் அப்படித்தான். ஆனால் போகும்போது ஒரு வாக்கியம் கூடச் சொல்வார்.

"இண்டைக்கு உங்கட குரல் வடிவாக் கேக்குது ஐயா."

அந்த ஒரு வாக்கியத்துக்காகச் சில வருஷம் மாடி ஏறினேன் என்று சொன்னால் மிகையில்லை. அவர் முகம் தெரியாது, குடும்பம் தெரியாது. அவர் அங்கே மாடியில் நிற்கிறாரா, தோட்டத்தில் நிற்கிறாரா என்றுகூடத் தெரியாது. என் குரல் வடிவாகக் கேட்கிறது என்று உலகத்தில் ஒருவர் சொல்கிறார், அவ்வளவுதான். ரிட்டயர் ஆன மனிதனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? பேக்டரியில் கடைசி நாள் ஒரு சால்வை போர்த்தினார்கள். அதற்குப் பிறகு என் குரல் யாருக்கும் தேவைப்படவில்லை.

முதலை

இந்தப் பைத்தியத்துக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி உண்டு. நாம் மேலே அனுப்பும் குரல் சாட்டிலைட்டுக்குப் போய், திரும்பி நம் காதிலேயே விழும். அதனால் ஒரு கருவியில் பேசுவோம், இன்னொன்றில் கேட்போம். உன் குரல் மேலிருந்து திரும்பி உனக்குக் கேட்காவிட்டால், மைக்கைக் கீழே வை. வைக்காமல் கத்திக்கொண்டிருந்தால், நீ பாட்டுக்கு மற்றவர்கள் குரல்மேல் ஏறி மிதித்துக்கொண்டிருப்பாய். அப்படிப்பட்டவர்களுக்கு எங்கள் கூட்டத்தில் முதலை என்று பெயர். வாய் பெரிது, காது சிறிது.

முதலைகளைப் பற்றி நாங்கள் நிறையச் சிரித்திருக்கிறோம்.

காது கேட்காமல் போவது விளக்கை அணைக்கிற மாதிரி என்று நினைத்திருந்தேன். அது ஒரு நாளில் போவதில்லை. முதலில் குக்கர் விசில் போயிற்று. பிறகு பேத்தி போனில் பேசுவது போயிற்று. பேக்டரியில் கம்ப்ரெஸர் அறைக்குப் பக்கத்தில் என் வேலைக்காலம் கழிந்தது; அது இப்போது வட்டி கேட்கிறது என்று டாக்டர் சொன்னார்.

காது பரிசோதிக்கும் இடத்தில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தவேண்டும். இரைச்சலுக்குள்ளிருந்து மெல்லிய ஓசையைப் பொறுக்கி எடுப்பதுதானே என் வேலை? நான் சளைக்காமல் அழுத்தினேன். எழுபது மார்க்காவது வாங்கியிருப்பேன் என்று நினைப்பு. பரிசோதித்த பெண் வெளியே வந்து சரசுவிடம், தான் இன்னும் சத்தமே கொடுக்க ஆரம்பிக்கவில்லை என்று கன்னடத்தில் சொன்னாளாம். சரசு இதை எனக்குச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

காதுக் கருவி வாங்கினோம். வீட்டுக்குள் அது உதவும். இடது காதோரம் வந்து பேசினால் இப்போதும் புரிகிறது. மாடியில் உதவாது. சாட்டிலைட்டின் இரைச்சலை அது தகரக் கூரைமேல் மழையாக்கித் தருகிறது. அந்த மழைக்குள் மனிதக் குரல் கரைந்துவிடுகிறது. கழற்றி வைத்துவிட்டு, பழையபடி ரேடியோவின் இயர்போனையே இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டேன். மற்றவர்கள் சொல்வது தெளியவில்லை. ஆனால் என் குரல் திரும்பி வருவது நன்றாகவே கேட்டது. அதனால் தைரியமாகப் பேசினேன். யார் பதில் சொன்னார்கள் என்பதை மட்டும் சரசு கேட்டுச் சொல்வாள். அவளுக்கும் ஒரு இயர்போன் கொடுத்திருந்தேன்.

என் குரல் திரும்பி வருவது கேட்டது என்று எழுதினேன் அல்லவா? அது சாட்டிலைட்டிலிருந்து வந்ததில்லை. காதை அடைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள். உங்கள் குரல் உங்கள் தாடை எலும்பு வழியாக மண்டைக்குள் கணீரென்று கேட்கும். செவிடனுக்கும் கேட்கும். நான் அதைத்தான் வானத்திலிருந்து வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ரேடியோக்காரனைத் தவிர வேறு எவனும் இப்படி ஏமாறமுடியாது.

பிறகு மழை மாதங்களில் பதில்களும் நின்றுவிட்டன. "ஒண்ணுங் கேக்கலீங்க" என்றாள் சரசு. மறுநாளும் அதேதான். என் குரலை மட்டும் திருப்பித் தரத்தான் அதற்குத் தெம்பிருக்கிறது, மேலே பாட்டரி போயிருக்கும், பழைய சாட்டிலைட், அதற்கும் வயசாகிவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் "ஹோகிபிட்து சார்", போய்விட்டது என்று, ஏதோ பங்காளி போன மாதிரிச் சொன்னேன். இங்கே ஒரு அத்தியாயமே எழுதினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று இன்னொரு பழமொழி இருக்கிறது. அதை இப்போது என் எதிரில் யாரும் சொல்வதில்லை.

ஆடி மாதத்திலிருந்து

நிழலைப் பார்த்த அன்று ராத்திரி வழக்கம்போலச் சாப்பிட உட்கார்ந்தேன். நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். தட்டில் ரசம் ஊற்றும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

காலையில் அடுப்படியில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே மணையைப் போட்டு உட்கார்ந்தேன். எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"ஆடி மாசத்துலருந்துங்க."

கோபம் வந்தது. இல்லையென்று சொல்லமாட்டேன். தினம் தினம் ஒன்றும் கேட்கவில்லை என்று பொய் சொன்னாயே என்றேன். அவள் கொத்தமல்லியைக் கீழே வைத்தாள். என் இடது பக்கமாக நகர்ந்து வந்தாள்.

"ஆன்டெனாவை மலைப் பக்கம் புடிச்சா எப்படீங்க கேக்கும்? கேக்கலைன்னுதான் சொன்னேன். பொய் சொல்லலீங்க."

உண்மைதான். இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து நான் பொய் கேட்டதில்லை. அவள் அப்பா செத்த செய்தியை அவள் அம்மாவிடம் சொல்லவேண்டியிருந்தபோது, உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கூட்டிப்போகலாம் என்று எல்லோரும் சொன்னோம். அவளால் முடியவில்லை. பேசாமல் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். நான் பேசும்போது வேறு யாரோ பேசிக்கொண்டிருப்பார்களாம். நான் அவர்கள்மேல் ஏறிவிடுவேனாம். எல்லோரும் காத்திருந்து மறுபடி ஆரம்பித்தால் நானும் மறுபடி ஆரம்பிப்பேனாம். அவள் என் தோளைத் தொட்டு நிறுத்தப் பார்த்தாளாம். குமிழைச் சரிபண்ணச் சொல்கிறாள் என்று நினைத்து நான் குமிழைத் திருப்பினேனாம். சின்னப் பையன்கள் சிலர் முதலை என்றார்களாம். அதன் அர்த்தம் நான்தான் அவளுக்கு ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

"அவனுக திட்டுனாக்கூடப் பரவால்லைன்னு இருந்தேனுங்க" என்றாள்.

அப்புறம் வேறு யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

யாழ்ப்பாணத்துக்காரர் பையன்களை அடக்கினாராம். அவர் சொன்னதை அவள் அப்படியே, அவர் பேச்சிலேயே சொன்னாள். பல நாள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

"ஐயாவுக்குக் காது கேக்கேல்லப் போல. பாவம். விடுங்கோ, அவர் கதைச்சு முடிக்கட்டும்."

அதற்குப் பிறகு எல்லோரும் அப்படியே செய்தார்களாம். நான் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் சும்மா இருந்துவிடுவார்கள். பத்து நிமிஷ சாட்டிலைட்டில் பாதியை எனக்கு விட்டுவிட்டு, நான் ஓயட்டும் என்று எத்தனையோ ஊர்களின் மாடிகளில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நான் வானம் காலியாக இருக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பேசியிருக்கிறேன்.

"உங்களைப் பாவம்னு சொன்னது எனக்குப் பொறுக்கலீங்க" என்றாள் சரசு. "பேசாதீங்கன்னு உங்ககிட்ட சொல்லவும் வாய் வரல. அதான் திருப்பிப் புடிச்சேன்."

நான் எழுந்து வந்துவிட்டேன். அவளைத் தேற்றியிருக்கவேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். தேற்றுகிற நிலைமையில் நான் இல்லை. கூடத்தில் உட்கார்ந்து, காதுக் கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். அந்த வீட்டில் அப்போது என்ன சத்தமெல்லாம் இருந்ததோ எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கேட்காமல் போனது எனக்கு அவ்வளவு துக்கமில்லை. மழை முழுதும் நனைந்துகொண்டு, சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, அவள் ஆன்டெனாவைப் பிடித்தபடி நின்றாளே. ஒன்றுமில்லாத திசையைப் பார்த்து, கை வலிக்க வலிக்க. இடுப்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு. அதை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மறுநாள் சாயங்காலம்

சாட்டிலைட் வரும் நேரத்துக்கு நான் மாடிக்குப் போனேன். பேசும் கருவியை எடுத்துப் போகவில்லை. கேட்கும் கருவி மட்டும். சரசு பின்னாலேயே வந்து வழக்கம்போல ஆன்டெனாவுக்குக் கையை நீட்டினாள். கொடுக்கவில்லை. அவளை முக்காலியில் உட்கார வைத்து, இயர்போனை அவள் காதில் வைத்தேன். குமிழை எப்படித் திருப்புவது என்று காட்டினேன். அதெல்லாம் அவளுக்கு எப்போதோ தெரிந்திருந்தது.

ஆன்டெனாவை நான் பிடித்தேன். இத்தனை வருஷத்தில் முழுதாகப் பிடித்தது அன்றுதான். இவ்வளவு கனக்கும் என்று தெரியாது. வடக்கே காட்டினேன். மெதுவாக மேற்கே வந்தேன். தொட்டிச் சுவரில் நிழல் சுருங்கிச் சுருங்கிக் கூட்டல் குறியாயிற்று. பக்கத்து மாடியிலிருந்து பாங்குக்காரர் ஏதோ கேட்டார். 

சரசுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் லேசாக அகன்றது. கேட்கிறது என்று தலையை ஆட்டினாள். யார் யார் என்று கேட்டேன். வாயசைவில் ஊர்ப் பெயர்களைச் சொன்னாள். கோயம்புத்தூர். கொச்சி. பிறகு கொஞ்சம் தயங்கி, யாழ்ப்பாணம்.

"நல்லாப் பேசிக்கறாங்களுங்க" என்றாள். "கூச்சல் கொளறுபடி ஒண்ணுமில்ல."

நான் கேட்டிருக்கக்கூடாது. கேட்டுவிட்டேன்.

"என்னை யாராச்சும் விசாரிச்சாங்களா?"

அவள் இன்னும் கொஞ்சம் கேட்டாள். இயர்போனைக் காதோடு விரலால் அழுத்திக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, ஒருவர் விடாமல் கேட்டாள். பிறகு எழுந்து என் இடது பக்கம் வந்தாள்.

"இல்லீங்க" என்றாள்.

ஆன்டெனாவை மலைப் பக்கம் திருப்பிவிடலாம் என்று இருந்தது. திருப்பவில்லை. அவள் காதில் இயர்போன் இருந்தது. சாட்டிலைட் தெற்கே இறங்க இன்னும் இரண்டு நிமிஷம் பாக்கி. முழங்கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, அது போகிற பக்கமெல்லாம் பிடித்துக்கொண்டு நின்றேன்.